3000 பசங்க, 192 சீட்டு

போன வாரம் ஊர்லேந்து அண்ணன் போன்ல கேட்டாரு, "உன் பையன் ஏதோ கிராமர் ஸ்கூல்ல படிக்கிறான்னு அம்மா தெரு பூரா சொல்லிட்டு திரியுறாங்களே, அதென்னடா ஏழு வருஷமும் கிராமர் மட்டுமா சொல்லித் தர்றாங்க?" எனக்கு சிரிப்பு தாங்கல. அந்த காலத்துல லத்தீன் இலக்கணம் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்ச பள்ளிக்கூடங்க, பேரு மட்டும் அப்படியே ஒட்டிக்கிச்சு. இப்ப இங்கிலாந்துல அதுக்கு பெரும்பாலும் ஒரே அர்த்தம் தான், பத்து வயசு புள்ளைக்கு பரீட்சை வச்சு ஆள் எடுக்குற கவர்மென்ட் ஸ்கூல். ஃபீஸ் கிடையாது. அந்த "ஃபீஸ் கிடையாது"ங்கறதுல தான் மொத்த கூத்தும் இருக்கு.

ஒரு காலத்துல இந்த மாதிரி ஸ்கூல் கிட்டத்தட்ட 1300 இருந்துச்சாம். 1944 சட்டத்துக்கு அப்புறம் லெவன் ப்ளஸ் எழுதி பாஸானா கிராமர், இல்லேன்னா செகண்டரி மாடர்ன்ங்கற சாதா ஸ்கூல், பதினோரு வயசுல தலையெழுத்து முடிஞ்சுது. 1965ல லேபர் அரசாங்கம் எல்லாத்தையும் காம்ப்ரிஹென்சிவா, அதாவது பரீட்சை வைக்காம எல்லாரையும் சேர்க்குற ஸ்கூலா, மாத்துங்கன்னு கவுன்சில்களுக்கு சுற்றறிக்கை அனுப்பிச்சு, ஒண்ணொண்ணா குறைஞ்சு இப்ப மிச்சம் 163. 1998ல புதுசா கிராமர் ஸ்கூல் ஆரம்பிக்கவே கூடாதுன்னு சட்டமும் போட்டுட்டாங்க. 2016ல அப்ப பிரதமரா இருந்த தெரசா மே அதை மாத்துறேன்னு கிளம்பி அடுத்த வருஷ எலெக்ஷன்ல மெஜாரிட்டி போனதும் அப்படியே விட்டுட்டாங்க. ஆக கடை அதே 163, வாசல்ல கூட்டம் மட்டும் வருஷா வருஷம் ஏறுது.

வடக்கு லண்டன்ல பார்னெட்ல க்வீன் எலிசபெத்ஸ்னு ஒரு ஆண்கள் கிராமர் ஸ்கூல், நம்மாளுங்க வாயில க்யூஈ பாய்ஸ். 1573ல ஆரம்பிச்சது. எழுபதுகள்ல அதுவும் காம்ப்ரிஹென்சிவ் ஆகி, தொண்ணூறுகள்ல திரும்ப பரீட்சை வச்சு எடுக்குற ஸ்கூலா ஆச்சு. ஏழாவதுக்கு 192 சீட்டு, எழுதுறது 3000க்கு மேல. கேட்ச்மென்ட்னு, அதாவது இந்த ஏரியா பசங்க தான்னு ஒரு எல்லை கிடையாது, எந்த ஊர்ல இருந்து வேணா எழுதலாம், மார்க் தான் வரிசை. அதனால ஸ்லவ்லேந்து ஒருத்தன் வருவான், இல்ஃபோர்ட்லேந்து ஒருத்தன் வருவான், பக்கத்து தெரு பையனுக்கு கிடைக்காம போகும். என் பையன் படிக்கிறது இது இல்ல, இதே ரகத்துல இன்னொண்ணு, பேரு வேணாம், அவனுக்கு தெரிஞ்சா கொன்னுடுவான்.

நாங்க லண்டன்ல ஹாரோவுக்கு வந்தப்ப அவன் மூணாவது. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, பக்கத்துல நல்ல ஸ்கூல் இருந்தா சேர்த்துக்கலாம்னு இருந்தேன். எதிர் வீட்டுல ஒரு யாழ்ப்பாணத்து அக்கா, ஒரு நாள் குப்பைத்தொட்டியை வெளிய எடுத்து வைக்கிறப்ப பிடிச்சுக்கிட்டாங்க. "தம்பி, மகன் இப்ப இயர் ஃபோர் எல்லே? இன்னும் ஒண்டும் துவங்கேல்லையோ?" எதை துவங்கணும்கான்னு கேட்டேன். அவங்க என்னை பார்த்த பார்வை, ரேஷன் கார்டு இல்லாதவனை பார்க்குற பார்வை. "என்ர மூத்தவன் இயர் த்ரீயிலயே துவங்கினவன். எங்கட ஊரில ஐஞ்சாம் ஆண்டு ஸ்கொலஷிப் சோதினைக்கு அம்மா எங்களை விடிய நாலு மணிக்கு எழுப்பினவ, அதைப் போலத்தான் இதுவும்."

அன்னிக்கு ராத்திரியே பொண்டாட்டியும் நானும் உட்கார்ந்து தேடினோம். அடுத்த வாரம் டியூஷன். ஒரு கடைக்கு மேல மாடி, ரெண்டு ரூம், ரூமுக்கு இருபத்தி சொச்சம் பசங்க, சனிக்கிழமை காலைல ஒன்பதுலேந்து பன்னெண்டு. சுவத்துல வாரா வாரம் ரேங்க் லிஸ்ட் ஒட்டுவாங்க. நான் ஊர்ல பத்தாவது படிச்சப்ப பார்த்த அதே லிஸ்ட், அதே மாதிரி முதல் மூணு பேருக்கு மட்டும் கலர் பேனா. ஐயாயிரம் மைல் தாண்டி வந்து அதே சுவத்துக்கு முன்னாடி நிக்கிறேன்னு தோணுச்சு. ஆனா ஃபீஸ் கட்டிட்டு தான் வந்தேன்.

இதுல பலியானது சனிக்கிழமை தமிழ் பள்ளிக்கூடம். அதுவும் அதே நேரம். அவன் அப்ப தான் உயிர்மெய் முடிச்சு வார்த்தை கூட்டி வாசிக்க ஆரம்பிச்சிருந்தான். டீச்சர்கிட்ட சொல்லப் போனா அவங்களே "லெவன் ப்ளஸா? சரி சரி, பரீட்சை முடிஞ்சு வாங்க"ன்னாங்க, வருஷா வருஷம் பார்க்குறாங்க போல, பெருசா வருத்தம் கூட காட்டல. பரீட்சை முடிஞ்சு நாங்க போகவே இல்ல.

பரீட்சையை பத்தி சொல்லணும். ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், சில இடத்துல ரெண்டு கட்டம், சில இடத்துல வெர்பல் ரீசனிங், நான்வெர்பல் ரீசனிங்னு படத்தை திருப்பிப் போட்டு கண்டுபிடிக்கச் சொல்றது. க்யூஈல இங்கிலீஷ், மேத்ஸ் ரெண்டு பேப்பர், ரெண்டும் அப்ஜெக்டிவ். வயசுக்கு தகுந்த மாதிரி மார்க்கை சரி பண்ணுவாங்க, அது எனக்கு பிடிச்ச விஷயம், ஏன்னா ஒரே வகுப்புல செப்டம்பர்ல பொறந்தவனும் அடுத்த ஆகஸ்ட்ல பொறந்தவனும் இருப்பான், பத்து வயசுல ஒரு வருஷம்ங்கறது பெரிய வித்தியாசம், அதனால சின்னவனுக்கு கொஞ்சம் தூக்கிக் குடுப்பாங்க.

கேள்வியை விட விடைத்தாள் தான் எங்களை அழ வச்சது. ஒவ்வொரு கேள்விக்கும் சின்ன சின்ன கட்டம், பென்சில்ல ஒரு கோடு போடணும், மெஷின் படிக்கும். டியூஷன்ல வச்ச ஒரு மாதிரித் தேர்வுல இவன் பதினேழாவது கேள்வி கஷ்டமா இருக்குன்னு விட்டுட்டு பதினெட்டுக்கு போனான், ஆனா தாள்ல பதினேழாவது கட்டத்துலயே கோடு போட்டுட்டான். அங்கேந்து கடைசி வரைக்கும் எல்லாம் ஒரு கட்டம் தள்ளி. ஐம்பதுக்கு பத்தொன்பது. வீட்டுக்கு வந்து தாளை வச்சு நான் ஒவ்வொண்ணா பார்த்தேன், ஒரு கட்டம் கீழ இறக்கி படிச்சா நாப்பத்தி மூணு. அவன் சோபா பின்னாடி போய் உட்கார்ந்துக்கிட்டான், சாப்பிட வரல.

ஃப்ரிட்ஜ் பூரா வார்த்தை அட்டை. "அப்பா, ஃப்ரூகல்னா என்ன?" "ரூம்ல லைட்டை அணைக்கச் சொல்லி நான் கத்துறேன்ல, அது." இன்னி வரைக்கும் அந்த வார்த்தையை அவன் மறக்கல.

டியூஷன் போனா தான் பாஸாக முடியும்ங்கறது பரீட்சை வைக்கிறவங்களுக்கும் தெரியும். பக்கிங்ஹாம்ஷயர்ல 2013ல டியூஷனால தயார் பண்ண முடியாத பரீட்சைன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, டர்ஹம் யுனிவர்சிட்டி ஆளுங்க தயாரிச்சது. என்ன ஆச்சு? டியூஷன் சென்டருங்க ஒரு சீசன்ல அதுக்கும் புக்கு போட்டுட்டாங்க. சில வருஷத்துலயே கவுன்டி பழைய கம்பெனிகிட்டயே திரும்பிப் போயிடுச்சு. இதை நம்ம ஊர்க்காரங்க கிட்ட முன்னாடியே கேட்டிருக்கலாம்.

இப்படி வடிகட்டினா உள்ள யாரு போவாங்கன்னு சொல்லத் தேவையில்ல. 2013ல சட்டன் ட்ரஸ்ட்ங்கற கல்வி அறக்கட்டளை பண்ண ஆய்வுல கிராமர் ஸ்கூல்ல சேர்றவங்கள்ல இலவச மதிய உணவு தகுதி உள்ள குழந்தைங்க 3 சதவீதம் கூட இல்ல, அதே ஏரியாக்கள்ல எல்லா ஸ்கூலயும் சேர்த்துப் பார்த்தா 18 சதவீதம். சமீபமா பல ஸ்கூல்ல ஏழை பசங்களுக்கு சில சீட்டு ஒதுக்குறாங்க, கட்ஆஃப் கொஞ்சம் குறைக்கிறாங்க, நல்லது தான். ஆனா அந்த மாடி ரூம்ல நான் ரெண்டு வருஷம் பார்த்த பெத்தவங்கள்ல யாரும் மதிய உணவுக்கு தகுதி உள்ளவங்க மாதிரி தெரியல, நான் உட்பட.

பரீட்சை அன்னிக்கு செப்டம்பர் சனிக்கிழமை, லேசா தூறல். கேட் வெளிய பசங்க நம்பர் பிரகாரம் வரிசை, ஒவ்வொருத்தன் கையிலயும் ஒரு கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் பை, உள்ள ரெண்டு பென்சில், ரப்பர், ஷார்ப்னர். தண்ணி பாட்டில்ல லேபிளை கிழிச்சாச்சு. உள்ள போறப்ப ஒருத்தனும் திரும்பிப் பார்க்கல, வெளிய நின்ன முன்னூறு பேரண்ட்ஸும் கை ஆட்டிக்கிட்டே இருந்தோம். அப்புறம் எல்லாரும் அவங்கவங்க காருக்குள்ள போய் உட்கார்ந்தோம், எஞ்சின் ஆஃப், கண்ணாடி மூடி. ஒருத்தர் கார்ல கந்த சஷ்டி கவசம் ஓடிட்டு இருந்தது, பக்கத்து கார்ல ஒரு அம்மா ஜெபமாலை உருட்டிட்டு இருந்தாங்க.

வெளிய வந்தவன் கேட்ட முதல் கேள்வி, "சிப்ஸ் இருக்கா?"

ரிசல்ட் அக்டோபர்ல வந்துடும், ஏன்னா 31ம் தேதிக்குள்ள கவுன்சிலுக்கு ஸ்கூல் அட்மிஷன் ஃபார்ம் போடணும், லண்டன்ல ஆறு ஸ்கூல் வரைக்கும் எழுதலாம். அந்த ரெண்டு வாரம் வாட்சப்ல நடக்குற ஜோசியம் இருக்கே, முதல் இடத்துல போட்டா தான் எடுப்பாங்கன்னு ஒருத்தர், ரெண்டாவதா போட்டா கோவிச்சுப்பாங்கன்னு ஒருத்தர். நீங்க எத்தனாவதா போட்டீங்கன்னு ஸ்கூலுக்கு தெரியவே தெரியாது, பிடிச்ச வரிசையில போடுங்க, அவ்ளோதான். மார்ச் 1ம் தேதி மெயில் வந்தப்ப நான் ஆபீஸ் லிஃப்ட்ல இருந்தேன். கிடைச்சுடுச்சு. எதிர் வீட்டு அக்கா கேசரி கொண்டு வந்தாங்க.

சரி, உள்ள போனா என்ன ஆகுது? பேப்பர்ல வர்ற லிஸ்ட்ல க்யூஈ மாதிரி ஸ்கூலுங்க எப்பவும் தலையில தான். பல வருஷமா ஏ லெவல்ல, அதாவது நம்ம ப்ளஸ் டூ மாதிரி கடைசி பரீட்சைல, நூத்துக்கு தொண்ணூத்தஞ்சுக்கு மேல ஏ ஸ்டார்லேந்து பி வரைக்குமான கிரேடு. இதை பார்த்து தான் நாங்க எல்லாரும் ஓடுறோம். ஆனா 3000 பேர்ல முதல் 192 பேரை எடுத்து, வீட்டுலயும் டியூஷனுக்கு காசு குடுக்கத் தயாரா இருக்குற அப்பா அம்மாவையும் சேர்த்து எடுத்து, ஏழு வருஷம் கழிச்சு அவன் நல்ல மார்க் எடுத்தா அதுல ஸ்கூல் பங்கு எவ்வளவு? 2016ல எஜுகேஷன் பாலிசி இன்ஸ்டிட்யூட் பண்ண ஆய்வு, 2018ல டர்ஹம் யுனிவர்சிட்டி பண்ண ஆய்வு, ரெண்டும் பசங்களோட முந்தைய மார்க்கையும் வீட்டு நிலைமையையும் கழிச்சுட்டுப் பார்த்தா கிராமர் ஸ்கூலால பெரிய வித்தியாசம் எதுவும் இல்லன்னு தான் சொல்லுது. ப்ராக்ரஸ் 8னு கவர்மென்ட் அளவு ஒண்ணு இருக்கு, ஆறாவதுல எடுத்த மார்க்குக்கு பதினோராவதுல எவ்வளவு ஏறினான்னு பார்க்கும், அதுலயும் இவங்க மேல தான் இருக்காங்க, அதை மறைக்கல. ஆனா அந்த அளவுக்கு வீட்டு வசதி தெரியாது. கோவிட்ல ஆறாவது பரீட்சையே நடக்காததால 2025, 2026 ரெண்டு வருஷத்துக்கு அந்த அளவே கிடையாது. என் கணக்குல ரிசல்ட்ல முக்கால்வாசி அந்த செப்டம்பர் சனிக்கிழமை கேட்லயே முடிஞ்சுது.

இன்னொண்ணும் இருக்கு, வடிகட்டுறது பதினோரு வயசோட நிக்கிறதில்ல. 2017ல ஆர்பிங்டன்ல செயின்ட் ஓலேவ்ஸ்னு ஒரு கிராமர் ஸ்கூல்ல, பன்னெண்டாவது முடிச்ச பசங்கள்ல மார்க் பத்தலன்னு சிலரை கடைசி வருஷமான பதிமூணாவதுக்கு வராதீங்கன்னு அனுப்பிட்டாங்க. பாதி ஏ லெவல்ல. பேரண்ட்ஸ் கோர்ட்டுக்கு போனாங்க, ஸ்கூல் பின்வாங்கிடுச்சு, தலைமை ஆசிரியரும் பதவி விலகினாரு. சட்டப்படி மார்க் குறைச்சல்னு ஒரு பையனை நடுவுல வெளிய அனுப்ப முடியாது. அது நியூஸ்ல வந்தப்ப நான் டீ குடிச்சிட்டு மேல ஸ்க்ரோல் பண்ணிட்டேன், அப்ப என் பையன் இன்னும் டயபர்ல இருந்தான். இப்ப தேடி எடுத்து முழுசா படிச்சேன்.

என் பையன் முதல் மேத்ஸ் டெஸ்ட்ல 61 வாங்கினான், வகுப்புல இருபத்தி ரெண்டாவது. ப்ரைமரில அவன் தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பான். ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் பஸ் ஸ்டாப்புக்கு நடக்குறப்ப சொன்னான், "அப்பா, அங்க எல்லாருமே நான் தான்ப்பா." எனக்கு பதில் வரல. யாராவது ஒருத்தன் இருபத்தி ரெண்டாவதா இருந்து தானே ஆகணும், ஆனா அதை பதினோரு வயசு பையன்கிட்ட எப்படி சொல்றது.

குறை மட்டும் சொன்னா அநியாயம். செஸ் ஆடுறவனை, புக்கு படிக்கிறவனை அங்க யாரும் கிண்டல் பண்றதில்ல. மத்தியானம் பூரா லைப்ரரில ஏதோ ரோபோ கட்டிட்டு இருக்கான். காலைல ஆறு அம்பதுக்கு பஸ், அதுக்கும் சலிச்சுக்கல. எதிர் வீட்டு அக்காவோட சின்னவனுக்கு கிராமர் கிடைக்கல, பக்கத்து காம்ப்ரிஹென்சிவ்ல படிக்கிறான், பத்து நிமிஷம் நடந்து போறான், சாயங்காலம் நாலு மணிக்கு தெருவுல பந்து அடிக்கிறான். ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை ஒண்ணா உட்கார்ந்து ஹோம்வொர்க் பண்றப்ப எட்டிப் பார்த்தேன், அதே பாடம், ஏறக்குறைய அதே கணக்கு.

எங்க சின்னவன் இப்ப மூணாவது. தமிழ் பள்ளிக்கூடத்துலேந்து அடுத்த வருஷத்துக்கு பேரு குடுக்கச் சொல்லி ஃபார்ம் வந்திருக்கு, சனிக்கிழமை காலை ஒன்பதரை. அதே நேரத்துக்கு அந்த மாடி ரூம்லேந்தும் மெசேஜ், பழைய பேரண்ட்ஸுக்கு பத்து பர்சென்ட் தள்ளுபடியாம். ரெண்டையும் ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா என் பொண்டாட்டி, அண்ணன்காரனோட பழைய ஃப்ரூகல் அட்டைக்குப் பக்கத்துல. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்.