காசைப் பறிக்கும் பாஸ்

பலாட்ரோ என்ற சீட்டு வீடியோ கேமில் எனக்கு மிகவும் பிடித்த பாஸ், அதாவது தனித் தடையோடு வரும் கடினமான சுற்று, 'தி ஆக்ஸ்'. அது திரையில் வந்தால் என் சித்தி மகன் "ஐயோ அக்கா" என்பான். நான் நிமிர்ந்து உட்காருவேன். மற்ற பாஸ்கள் பெரும்பாலும் சீட்டையோ புள்ளியையோ தாக்கும். 'தி ஹுக்' ஒவ்வொரு தடவையும் கையிலிருந்து இரண்டு சீட்டைப் பிடுங்கிப் போடும். 'தி நீடில்' ஒரே ஒரு கைதான் ஆடவிடும், அதாவது ஒரே தடவைதான் சீட்டு இறக்க முடியும். 'தி வால்' எட்ட வேண்டிய புள்ளியைக் கண்டபடி ஏற்றிவிடும். ஆக்ஸ் இதில் எதையும் தொடாது. அந்த ஆட்டத்தில் இதுவரை எந்த வகைக் கையை அதிகம் ஆடினோமோ, அதையே மறுபடி இறக்கினால் நம்மிடம் இருக்கும் பணம் மொத்தமும் பூஜ்யம். 3 டாலர் இருந்தாலும் பூஜ்யம், 80 இருந்தாலும் பூஜ்யம்.

ஆடிப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பலாட்ரோ 2024 பிப்ரவரியில் வந்த சீட்டு விளையாட்டு. ஜோடி, ஃப்ளஷ் (ஒரே இனத்துச் சீட்டு ஐந்து), ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்று, இன்னொரு மதிப்பில் இரண்டு) என்று போக்கர் கைகளை, அதாவது சீட்டுச் சேர்க்கைகளை, இறக்கிப் புள்ளி சேர்க்க வேண்டும். ஆனால் எதிரே ஆள் கிடையாது, பந்தயமும் கிடையாது. எட்டு கட்டங்கள், கட்டத்துக்கு மூன்று சுற்று, மூன்றாவது சுற்று பாஸ். சுற்றுக்கு நடுவே ஒரு கடை வரும். அங்கே ஜோக்கர் சீட்டுகளை வாங்கி நம் கையைப் பலப்படுத்திக்கொள்ளலாம். அந்தக் கடையில் செலவழிக்கத்தான் டாலர். கையில் இருக்கும் ஒவ்வொரு 5 டாலருக்கும் சுற்று முடிவில் 1 டாலர் வட்டி கிடைக்கும், அதிகபட்சம் 5. அதனால் 25 டாலரைத் தொடாமல் வைத்துக்கொண்டு மீதியில் வாங்குவது எல்லாரும் சீக்கிரமே பழகிவிடும் வழக்கம். ஆக்ஸ் உடைப்பது அந்த வழக்கத்தைத்தான்.

இது ஒருவர் ஆடும் விளையாட்டு. நாங்கள் இரண்டு பேராக ஆடுகிறோம். சித்தி மகன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறான், நான் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி அழைப்பு போட்டுத் திரையைப் பகிர்வான். சீட்டு அவன் பொறுப்பு, காசு என் பொறுப்பு. எந்தக் கையை இறக்குவது, எதைக் கழிப்பது என்பதை அவன் முடிவு செய்வான். கடையில் எதை வாங்குவது, எவ்வளவு மிச்சம் வைப்பது என்பது என் முடிவு. ஆனால் மற்றவர் 'சரி' சொல்லாமல் யாரும் பொத்தானை அமுக்கக் கூடாது. இந்த ஒரு விதியில் விளையாட்டே வேறாக மாறிவிட்டது. தனியாக ஆடும்போது மனதுக்குள்ளேயே கடந்துபோகிற முடிவுகளை எல்லாம் வாய்விட்டு நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது.

சாதாரண பாஸ் வந்தால் எனக்கு வேலை குறைவு, அவன் பார்த்துக்கொள்வான். ஆக்ஸ் வந்தால் இரண்டு பொறுப்பும் ஒன்றோடொன்று மோதும். அவனுடைய நல்ல கையை இறக்கினால் என்னுடைய கல்லா காலி.

சமீபத்தில் ஆறாம் கட்டத்தில் இதுதான் நடந்தது. ஆக்ஸ் ஆறாம் கட்டத்துக்கு முன்னால் வராது, அதுவும் ஒரு நுணுக்கம். அதற்குள் யாராக இருந்தாலும் ஒரு கையை நம்பி வளர்த்திருப்பார்கள், கையில் காசும் சேர்ந்திருக்கும். நாங்கள் ஃப்ளஷை வளர்த்திருந்தோம். ஆட்டினும் டைமன்டும் ஒன்று, இஸ்பேடும் கிளாவரும் ஒன்று என்று ஆக்கிவிடும் 'ஸ்மியர்டு ஜோக்கர்' இருந்ததால் ஃப்ளஷ் சுலபமாகச் சேர்ந்தது. ஃப்ளஷின் மதிப்பை உயர்த்தும் ஜுப்பிடர் கிரகச் சீட்டுகள் வாங்கி வாங்கி அதை ஆறாம் நிலைக்கு ஏற்றியிருந்தோம். ஒரு கையின் சிப்ஸை அதன் மல்ட்டால் பெருக்கினால் வருவதுதான் புள்ளி. ஃப்ளஷ் இறக்கினால் மல்ட்டில் 10 கூட்டும் 'டிரோல் ஜோக்கர்', எப்போதும் 4 கூட்டும் சாதா ஜோக்கர், சுற்று முடிவில் 4 டாலர் தரும் 'கோல்டன் ஜோக்கர்', அப்புறம் ஒவ்வொரு டாலருக்கும் 2 சிப்ஸ் தரும் 'புல்'. கையில் 43 டாலர். எட்ட வேண்டிய புள்ளி 40,000. பாஸின் கீழே 'ஃப்ளஷ்' என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

அவனுடைய முதல் யோசனை, ஃப்ளஷைத் தவிர்த்துவிடலாம் என்பது. ஃபுல் ஹவுஸ் ஆடுவோம், காசு தப்பும், காசு இருந்தால் புல்லும் வேலை செய்யும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் கணக்குப் போட்டேன். வளர்க்காத ஃபுல் ஹவுஸ் 40 சிப்ஸ், 4 மல்ட். மூன்று ராஜாவும் இரண்டு ஏழும் என்று வைத்துக்கொண்டால் சீட்டில் 44, புல்லில் 86, மொத்தம் 170. மல்ட் சாதா ஜோக்கரோடு 8. பெருக்கினால் 1,360. நான்கு கை ஆடினாலும் 6,000-ஐத் தொடாது. காசைக் காப்பாற்றிவிட்டு ஆட்டத்தைத் தோற்பதற்கு எதற்காக ஆட வேண்டும்?

அப்படியானால் ஃப்ளஷ்தான். ஃப்ளஷ் என்று முடிவு செய்துவிட்டால் அந்த 43 டாலர் ஏற்கெனவே போன காசு. அவன் இதை ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. "25 மட்டும் வைக்கலாம் அக்கா, வட்டி வரும்ல" என்றான். வட்டி கணக்கிடுவது சுற்று முடிந்த பிறகு. அப்போது நம்மிடம் பூஜ்யம், பூஜ்யத்துக்கு வட்டியும் பூஜ்யம்டா என்றேன். மண்டியில் முதலாளி சொல்வார், சந்தை விழப்போகிறது என்று தெரிந்தால் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு கும்பிடாதே என்று. இங்கே விழப்போகிற சரக்கு டாலர். விழும் நேரத்தை விளையாட்டே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. பாஸ் யார் என்பது கட்டத்தின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். அதற்கு முன் இரண்டு சுற்றும் இரண்டு கடையும் இருக்கின்றன. அந்தக் கடைகளில்தான் ஆக்ஸை ஜெயிக்கவோ தோற்கவோ முடியும்.

கடையில் 'கார்டு ஷார்ப்' இருந்தது. ஒரே சுற்றில் ஏற்கெனவே இறக்கிய கையை மறுபடி இறக்கினால் மல்ட்டை மூன்றால் பெருக்கும் ஜோக்கர். அதைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. ஆக்ஸைப் பற்றி யோசிக்கிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான். முதல் ஃப்ளஷுக்குப் பணம் பூஜ்யமாகும். இரண்டாவது ஃப்ளஷுக்கும் பூஜ்யமாகும், ஆனால் போவதற்கு அப்போது எதுவும் இல்லை. ஒரு தடவை கொடுத்துவிட்டால் மீதி எல்லாம் இலவசம். எனவே ஆக்ஸிடம் இரண்டே வழிதான்: ஒரு தடவைகூட அந்தக் கையை ஆடாமலிருப்பது, அல்லது முதல் கையிலேயே ஆடிவிட்டு அதையே திரும்பத் திரும்ப ஆடுவது. முதல் மூன்று கை தயங்கித் தயங்கி வேறு ஏதாவது ஆடிவிட்டுக் கடைசியில் பயந்துபோய் ஃப்ளஷை இறக்குவதுதான் மிக மோசம். காசும் போகும், கைகளும் வீணாகியிருக்கும்.

புல்லை விற்றோம், 3 டாலர் வந்தது, 46 ஆயிற்று. கார்டு ஷார்ப் 6. சுற்றுக்கு ஒரு கை கூடுதலாகத் தரும் 'கிராப்பர்' வவுச்சர் 10. கிரகச் சீட்டுகள் உள்ள பெரிய பொட்டலம் 8, அதில் ஒரு ஜுப்பிடர் கிடைத்தது, ஃப்ளஷ் ஏழாம் நிலைக்குப் போயிற்று. நம் சீட்டுகளை மாற்ற உதவும் டாரோ சீட்டுகள் உள்ள பொட்டலம் 4. கடையை இரண்டு தடவை மாற்றிப் பார்க்க 5-ம் 6-ம். கடைசியாக ஒரு டாரோ சீட்டு 3. உள்ளே போகும்போது கையில் 4 டாலர். ஆக்ஸ் எங்களிடமிருந்து எடுத்தது அவ்வளவுதான்.

முதல் ஃப்ளஷ் 5,000 சொச்சம். அடுத்தவை ஒவ்வொன்றும் 15,000 அளவில். நான்காவது கையில் 40,000 தாண்டிவிட்டது, ஒரு கை மிச்சம். பாஸுக்கு 5 டாலர், மிச்சக் கைக்கு 1, கோல்டன் ஜோக்கரில் 4. பத்து டாலரோடு ஏழாம் கட்டத்துக்குப் போனோம். கிராப்பரும் ஏழாம் நிலை ஃப்ளஷும் கார்டு ஷார்ப்பும் எங்களோடு வந்தன, அவற்றை ஆக்ஸால் பூஜ்யமாக்க முடியாது. அந்த ஆட்டம் எட்டாம் கட்டத்தில் தோற்றது உண்மைதான், ஆனால் காசுக்காக இல்லை.

ஆக்ஸின் சின்னத் தம்பி மாதிரி ஒன்று உண்டு, 'தி டூத்'. மூன்றாம் கட்டத்திலிருந்து வரும். இறக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் 1 டாலர் போகும். நான்கு கையிலும் ஐந்தைந்து சீட்டு இறக்கினால் 20 டாலர். இங்கே அவனுக்குத்தான் வேலை. ஜோடியை இறக்கும்போது பழக்கத்தில் கூடவே மூன்று உதிரிச் சீட்டைச் சேர்த்துத் தள்ளுவோம், கையில் புதுச் சீட்டு வரும் என்று. டூத்திடம் அந்த மூன்றும் மூன்று டாலர். இரண்டு சீட்டோடு நிறுத்தப் பழகிக்கொண்டான். எனக்கு அது பெருமை.

இழப்பையே வருமானமாக்கும் ஜோக்கர்களும் இருக்கின்றன. பாஸின் தடை வேலை செய்யும் ஒவ்வொரு கைக்கும் 'மட்டடோர்' 8 டாலர் தரும். 4 டாலரோ அதற்குக் குறைவோ இருக்கும்போது கை இறக்கினால் 'வேகபாண்ட்' ஒரு டாரோ சீட்டை உண்டாக்கும். ஆக்ஸ் காலி செய்த கல்லாவோடு வேகபாண்ட் இருந்தால் அந்தச் சுற்று முழுக்க டாரோ மழை. இவ்வளவையும் ஒரே ஆள் யோசித்துச் செய்திருக்கிறார் என்பதில் எனக்கு உண்மையான மரியாதை. லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் இருக்கும் கனடாக்காரர் அவர்.

அப்பாவுக்கு இந்த விளையாட்டின் மேல் முதலில் சந்தேகம். போக்கர் என்ற பெயரும் டாலர் குறியும் போதுமே. அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தைத் தொலைத்து உயிரை விட்டவர்களின் செய்தி நம் ஊர்ப் பேப்பரில் எத்தனை வந்திருக்கும். தமிழ்நாட்டில் 2022-இல் போட்ட ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டமும், 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளையே தடுத்த மத்தியச் சட்டமும் சும்மா வரவில்லை. ஐரோப்பாவில் விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் அமைப்பே பலாட்ரோவைச் சூதாட்டப் படங்கள் இருப்பதாகச் சொல்லி 18 வயதுக்கு மேல் என்று போட்டு, 2025 பிப்ரவரியில்தான் 12-க்குக் குறைத்தது. அப்பாவிடம் நான் காட்டியது இரண்டு விஷயம். விலை கொடுத்து ஒரு தடவை வாங்கினால் அப்புறம் உள்ளே நிஜக் காசு செலுத்தும் இடமே இல்லை. இன்னொன்று, இதைச் செய்தவர் தன் உயிலிலேயே பலாட்ரோவை எந்தச் சூதாட்ட நிறுவனத்துக்கும் விற்கக் கூடாது என்று எழுதிவைத்திருப்பதாக 2024-இல் சொன்னது. இரண்டாவதைக் கேட்டதும் அப்பா, "அந்தப் பையனுக்கு விவரம் இருக்கு" என்றார். அப்புறம் எதுவும் சொல்லவில்லை.

இப்போது நாங்கள் எடுத்திருப்பது சவால் ஆட்டங்களில் ஒன்றான 'லக்ஷுரி டேக்ஸ்'. அதில் காசை இழக்காமல் இருப்பதே தண்டனை. கையில் பத்துச் சீட்டோடு தொடங்கும், ஒவ்வொரு 5 டாலர் சேரும்போதும் ஒரு சீட்டு குறையும். பாஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம், முழு ஆட்டமும் செலவழித்துக்கொண்டே இருக்க வேண்டும். 4 டாலருக்கு மேல் வைக்க விடமாட்டேன் என்று நான் சொல்கிறேன். 9 வரை வைக்கலாம், ஒரு சீட்டு போனாலும் ஒரு டாலர் வட்டி வரும் என்பது அவன் வாதம். பத்துச் சீட்டு கையில் இருந்தால் ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) சேருவது எவ்வளவு எளிது என்பதை அவனே ஆடிக் காட்டிவிட்டு அதே மூச்சில் வட்டி கேட்கிறான். முதல் இரண்டு கட்டத்தில் 9, அதன்பின் 4 என்று பேசி முடித்திருக்கிறோம். சனிக்கிழமை ராத்திரி மூன்றாம் கட்டம்.