கையெழுத்து கேட்டதும் கதவைச் சாத்தினார்கள்

பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்யப்போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போடும்போதே, கையெழுத்துக்குப் பதிலாக வாய்மொழி ஒப்புதல் வாங்கவும் சேர்த்து அனுமதி கேட்டுவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டு வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

வழிகாட்டி, தலைப்பு, வினாத்தாள் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. வில்லங்கம் பல்கலைக்கழக அலுவலகத்தில். அங்கே இருந்தது மருந்துச் சோதனைக்கென்று தயாரித்த ஒப்புதல் படிவம். பக்கம் பக்கமாக ஓடும், கடைசியில் கையெழுத்து. நடுவில் 'பக்க விளைவுகள்' என்றுகூட ஒரு வரி. ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்று கேட்பதில் என்னங்க பக்க விளைவு என்றேன். "ஃபார்மட்டை மாத்த முடியாதும்மா" என்றார் எழுத்தர், நிமிர்ந்தே பார்க்காமல்.

திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் பக்கம் போனேன். சொளவை (முறத்தை) மடியில் வைத்தபடி அன்பாகத்தான் உட்காரச் சொன்னார்கள். படிவத்தை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. "கையெழுத்தா? வேண்டாம்மா, மகளிர் குழுக் கடனுக்குப் போட்டுட்டே முழிக்கோம்." பேசியது பீடிக்கடைக்குத் தெரிந்தால் இலை தருவதை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் வேறு. அவர்கள் மேல் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2017-இல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டுதல்தான் கைகொடுத்தது. நெறிமுறைக் குழு அனுமதித்தால், சார்பற்ற சாட்சி ஒருவர் முன்னிலையில் வாய்மொழியாக ஒப்புதல் வாங்கலாம்; சாட்சி கையெழுத்திட்டால் போதும். அந்தப் பக்கத்தை நகலெடுத்து, கோடிட்டு, மனுவோடு இணைத்தேன். "குழு கூடட்டும்" என்று எழுத்தர் ஓரமாக வைத்தார். கூடியபோது ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை!

சாட்சி விஷயத்தில் கவனம். சுய உதவிக் குழுத் தலைவி சுலபமாகக் கிடைப்பார், ஆனால் கடன் வசூலும் அவர் கையில்தான். பீடிக்கடைக்கும் கடனுக்கும் தொடர்பில்லாதவராகப் பாருங்கள். எனக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கிடைத்தார்.

அப்புறம், கணவரிடம் பதில் வாங்காதீர்கள். அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ். கணக்குப்படி, வருஷத்தில் 30 நாள் துணைவேலை பார்த்தாலே ஒருவர் உழைப்பாளி. ஆனால் அந்த வகைக் கேள்விகளுக்குக் குடும்பத்தில் ஒருவரே எல்லாருக்குமாகப் பதில் சொல்லலாம். "அவ வீட்லதான் இருக்கா" என்று ஒருவர் சொன்னார், பக்கத்திலேயே மனைவி கட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டிருக்கும்போது. அப்படியே எழுதினால் அந்த அம்மா சொந்த வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர்கள் கணக்கில், குறியீடு 92-இல் போய்விடுவார். "போன ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது பீடி சுத்தினீங்களா?" என்று அவரிடமே நேராகக் கேளுங்கள். கடைக்குப் பீடி கொடுக்கப் போகும் நேரமாகப் பார்த்துப் போய் நிற்காதீர்கள், அப்போது யாரும் பேசமாட்டார்கள்.