முகப்பு மட்டும் திறக்கும் தளம்

ஜூன் 9, மன்னார்குடி

பாரம்பரிய நெல் விதைகளைப் பரிமாறிக்கொள்ளும் உழவர்களின் இணையதளம் (வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குவது) புதிய சர்வருக்கு மாறியிருக்கிறது. முகப்பு திறக்கிறது, உள்ளே எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை. பூங்கார் யாரிடம் கிடைக்கும், அறுபதாம் குறுவை யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் முழுவதும் உள்ளேதான் கிடக்கிறது.

"தம்பி, வழக்கப்படி பன்னிரண்டாம் தேதி மேட்டூரைத் திறந்துவிடுவார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வருமுன் விதை கைக்கு வந்தாக வேண்டுமே" என்றார் பொறுப்பாளர்.

"வந்துவிடும் அண்ணே" என்றேன்.

மாற்றித் தந்தவர்கள் எல்லாக் கோப்புகளுக்கும் 777 அனுமதி கொடுத்து வைத்திருக்கிறார்கள். இதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். சர்வரில் உள்ள எந்தக் கணக்கும் தளத்தின் கோப்புகளைத் திருத்தலாம் என்றாகிவிடுகிறது. தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள கோப்பும் அதில் அடக்கம். அடைவுகளுக்கு 755, கோப்புகளுக்கு 644, கடவுச்சொல் கோப்புக்கு 640 என்று அனுமதியைக் குறைத்துவிட்டுத்தான் வேறு வேலை. 404 அப்படியே நிற்கிறது. அனுமதிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

ஜூன் 10

அந்த 404 பக்கத்தில் அப்பாச்சி என்ற வலை சர்வர் மென்பொருள் தரும் வெறும் ஆங்கில வரிகள்தாம் இருக்கின்றன. வேர்ட்பிரஸ் தரும் 404 என்றால் தளத்தின் தலைப்பும் பட்டியும் தெரியும். ஆகவே, கேட்ட முகவரி வேர்ட்பிரஸ் வரை போய்ச் சேரவில்லை. அதை அங்கே திருப்பிவிட வேண்டியது தளத்தின் அடைவில் இருக்கும் எச்.டி.ஆக்சஸ் என்ற விதிக் கோப்பு. அதன் முதல் வரியில் பொருளற்ற நாலு எழுத்தை எழுதிப் பார்த்தேன். அப்பாச்சி படித்திருந்தால் உடனே 500 என்ற சர்வர் பிழை வந்திருக்கும், வரவில்லை. கோப்பு படிக்கப்படவே இல்லை!

அந்தக் கோப்பைப் படிக்கலாமா என்று தீர்மானிக்கும் 'அலவ் ஓவர்ரைடு' என்ற அமைப்பு, அப்பாச்சி 2.4இல் இயல்பாகவே 'நன்' (எதுவும் வேண்டாம்) என்றுதான் இருக்கும். எழுதிய எழுத்துகளை நீக்கினேன். தளத்தின் அடைவுக்கு மட்டும் 'ஆல்' (எல்லாம்) என்று கொடுத்து, முகவரிகளைத் திருப்பிவிடும் ரீரைட் தொகுதி இயங்குவதை உறுதிசெய்து, அமைப்புக் கோப்பில் பிழையில்லை என்று சோதித்த பிறகே அப்பாச்சியை மறுபடி ஏற்றினேன். விதைப் பட்டியல் திறந்தது. அண்ணனுக்கு அப்போதே போன் செய்தேன்.

ஜூன் 11

படம் ஏறவில்லை. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பி.எச்.பி., ஏற்றும் கோப்புக்கு வைத்திருக்கும் இயல்பான வரம்பு 2 எம்.பி. யாரோ 16 என்று உயர்த்தியிருக்கிறார்கள், ஆனால் கட்டளை வரிக்கான கோப்பில். தளம் படிப்பது, அதற்காகப் பி.எச்.பி.யை இயக்கும் எஃப்.பி.எம். என்ற நிரலின் கோப்பை. அங்கே மாற்றி, ஒரே தடவையில் அனுப்பும் மொத்தத் தரவுக்கான போஸ்ட் வரம்பையும் உயர்த்தி, எஃப்.பி.எம்.மை மீண்டும் தொடங்கியதும் சரியானது.

ஜூன் 13

'குறுவை நாற்றங்கால் தயாரிப்பும் விதை நேர்த்தியும்' என்ற கட்டுரையின் முகவரி 'தயாரி'யோடு நின்றுவிடுகிறது. சர்வர்மேல் குறையில்லை. வேர்ட்பிரஸ் முகவரிச் சொல்லுக்கு ஒதுக்கும் இடம் 200 எழுத்து. தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் 3 பைட்; இணைய முகவரியில் அதைச் சதவீதக் குறிகளோடு எழுதினால் 9 இடம். துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் 'கா' ஒன்றே 18 இடத்தை அடைத்துக்கொள்கிறது. நம் மொழிக்கு 22 குறிகளோடு இடம் தீர்ந்துவிடுவது எனக்கு உறுத்துகிறது.

'குறுவை-நாற்றங்கால்' என்று சுருக்கினேன். ஏற்கெனவே பகிர்ந்த முகவரிகளை வேர்ட்பிரஸே புதியதற்குத் திருப்பிவிடும். இனி தலைப்பு எவ்வளவு நீண்டாலும் முகவரியைத் தனியே தட்டச்சு செய்யும்படி எழுதுகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.