ஒரே குழுவுல இத்தனை வருஷமா டைரக்டரா இருக்கறதப் பத்தி

நாடக டைரக்டர்னு சொன்னா நம்ம ஊர்ல அடுத்த கேள்வி "எந்த சீரியல்?" தான். இல்லைங்க, மேடை நாடகம்னா "ஓ, சபா டிராமாவா, காமெடியா?" அதுவும் இல்லைன்னு தலையாட்டினா பேச்சு அத்தோட முடிஞ்சிடும், நானும் சரின்னு விட்டுடுவேன். ஆனா சமீபத்துல ஒரு ஷோ முடிஞ்சு சாமான் கட்டிட்டு இருக்கும்போது ஒரு காலேஜ் பொண்ணு வந்து, "அக்கா, ஒரே குழுவுலயே இருந்து அதே ஆளுங்கள வச்சே டைரக்ட் பண்றது போரடிக்கலையா, வெளில போயிருந்தா பெருசா வந்திருக்கலாமே"ன்னு கேட்டா. அப்ப வண்டிக்காரர் ஹாரன் அடிச்சுட்டு இருந்ததால சிரிச்சுட்டு வந்துட்டேன். அந்தப் பொண்ணுக்குத்தான் இது.

சென்னைல பெரும்பாலும் நாடகம் எப்படி நடக்குது? யாரோ ஒருத்தர் ஒரு ஸ்கிரிப்ட் பிடிப்பாங்க, அதுக்கு ஆள் தேடுவாங்க, எல்லாரும் ஆபீஸ் முடிஞ்சு ஓஎம்ஆர்ல இருந்து டிராஃபிக்ல நொந்து வந்து ஏழரைக்கு மேல ஏதாவது ஒரு மொட்டை மாடில ரிகர்சல் பண்ணுவாங்க, ரெண்டு மூணு ஷோ போடுவாங்க, போட்டோ எடுப்பாங்க, கலைஞ்சிடுவாங்க. தப்புன்னு சொல்லல, அதுலயும் அருமையான நாடகம் எல்லாம் பார்த்திருக்கேன். எங்க குழு ரெபர்ட்டரி, அது வேற மாதிரி. ஆளுங்க நிரந்தரம், கொஞ்சமோ நஞ்சமோ மாசச் சம்பளம் உண்டு, கைல மூணு நாலு நாடகம் எப்பவும் ரெடியா இருக்கணும், இந்த வாரம் ஒண்ணு அடுத்த வாரம் இன்னொண்ணுன்னு மாத்தி மாத்திப் போடணும். இதுல டைரக்டரோட வேலையே தலைகீழா ஆயிடும். வெளில நாடகத்துக்கு ஆள் தேடுவாங்க, நான் ஆளுக்கு நாடகம் தேடறேன். இந்த ஏழெட்டுப் பேரும் இப்ப எங்க வந்து நிக்கறாங்க, யாருக்கு என்ன வரல, எந்த நாடகம் எடுத்தா அது வரும்னு யோசிச்சு யோசிச்சே பாதி வருஷம் போயிடும்.

இது ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம்னு நினைக்கறாங்க. பசங்களையே வச்சு நாடகம் போட்ட நம்ம பாய்ஸ் கம்பெனி எல்லாம் என்னவாம்? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல மதுரைல தத்துவ மீனலோசனி வித்துவ பால சபான்னு ஆரம்பிச்சாரே, அங்க பசங்க கம்பெனி வீட்டுலயே சாப்பிட்டு, அங்கயே தூங்கி, பாடம் பண்ணி, பாட்டு கத்துக்கிட்டு, ஊர் ஊரா போய் நாடகம் போட்டாங்க. டி.கே. சண்முகமும் அவர் அண்ணன் தம்பிங்களும், அதாவது டிகேஎஸ் பிரதர்ஸ், சின்னப் பசங்களா அவர்கிட்ட பாடம் கேட்டவங்கதான், அப்புறம் 1925ல சொந்தமா கம்பெனி வச்சாங்க. ராயப்பேட்டை பக்கம் அவ்வை சண்முகம் சாலைன்னு தினம் எத்தனை பேர் போறோம், அது அவ்வையார் வேஷம் கட்டின அந்த டி.கே. சண்முகம் பேருன்னு பக்கத்துல உக்காந்திருக்கறவங்களக் கேட்டுப் பாருங்க, தெரியாது. பழைய பேரு லாயிட்ஸ் ரோடுன்னு மட்டும் கரெக்டா சொல்வாங்க.

அந்தக் கம்பெனிகள்ல டைரக்டர்னு யாரும் கிடையாது, வாத்தியார்தான். அவர் பாட்டு எழுதுவார், வசனம் சொல்லிக் குடுப்பார், யாருக்கு ராஜபார்ட், யாருக்குப் பொம்பள வேஷமான ஸ்திரீபார்ட்னு முடிவு பண்ணுவார், அடியும் குடுப்பார், அந்த அடியெல்லாம் நல்லதுன்னு நான் சொல்ல வரல, அது ஒரு கொடுமைதான். எனக்கு அதுல பிடிச்சது வேற ஒரு விஷயம், மகரக்கட்டு. ஸ்திரீபார்ட் போடற பையன் நேத்து வரைக்கும் குயில் மாதிரி பாடிட்டு இருப்பான், வயசு வந்ததும் குரல் உடைஞ்சிடும். ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியாச்சு, நாடகத்த நிறுத்த முடியாது, அவனையும் வீட்டுக்கு அனுப்பிட முடியாது. அப்ப வாத்தியார் முன்னாடியே இன்னொரு பையன அந்தப் பாடத்துக்குத் தயார் பண்ணி வச்சிருக்கணும், குரல் உடைஞ்சவனுக்கு வேற வேஷமோ வேற வேலையோ பார்த்து வச்சிருக்கணும். என்னைக் கேட்டா ரெபர்ட்டரி டைரக்டரோட வேலை மொத்தமும் இதுக்குள்ள அடங்கிடும்.

எங்க குழுவுல மகரக்கட்டுன்னா சினிமா. நாலு வருஷம் கூட இருந்து உடம்பு பழகி, குரல் பழகி, இப்பதான் ஒரு பெரிய ரோல தாங்கற அளவுக்கு வந்திருப்பான், ஒரு நாள் காலைல "அக்கா, ஒரு வெப் சீரிஸ், நாப்பது நாள் தேனில ஷூட்டு"ன்னு வந்து நிப்பான். போயிட்டு வாடான்னு சொல்லாம என்ன சொல்றது? எங்ககிட்ட அவன் வாங்கற சம்பளத்துல வளசரவாக்கத்துல ஒரு ரூமுக்கு அட்வான்ஸ் கூட குடுக்க முடியாது. அதனால எங்ககிட்ட ஒரு ரூல் உண்டு, எல்லா ரிகர்சலுக்கும் எல்லாரும் இருக்கணும், ஒவ்வொரு ரோலும் ரெண்டு பேருக்காவது தெரிஞ்சிருக்கணும். புதுசா வர்றவங்க "என் சீன் இல்லையே, நான் எதுக்கு"ன்னு முனகுவாங்க. ஆறு மாசம் போனா அவங்களே சுவத்துல சாஞ்சுகிட்டு அடுத்தவன் வசனத்த முணுமுணுத்துட்டு இருப்பாங்க.

சினிமான்னதும் சென்னைல இருக்கற கூத்துப்பட்டறை நாடகக் குழு பேச்சு வராம இருக்காது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், அங்க கணக்கு எழுதப் போன விஜய் சேதுபதின்னு ஒரு லிஸ்ட் எல்லாருக்கும் மனப்பாடம். நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977ல அத ஆரம்பிச்சப்ப சினிமாவுக்கு நடிகர் சப்ளை பண்ணணும்னா ஆரம்பிச்சார்? அவர் புரிசை கிராமத்துத் தம்பிரான்களோட தெருக்கூத்தப் பார்த்துட்டு, நவீன நாடகத்துக்கு வேண்டிய உடம்பும் குரலும் இங்கதான்யா இருக்குன்னு பிடிச்சுக்கிட்டவர். அப்புறம் ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவி கிடைச்சு முழுநேர நடிகர்கள்னு வச்சு தினமும் பயிற்சி நடந்துச்சு, சிலம்பம், கூத்து அடவு, யோகான்னு. வெளில இருந்து டைரக்டருங்க வந்து அந்த ஆளுங்கள வச்சு நாடகம் பண்ணிருக்காங்க. ஒரு டைரக்டருக்கு அத விட வேற என்ன வேணும், பழகின உடம்புங்க வரிசையா நிக்குது, நீ என்ன கேட்டாலும் செஞ்சு காட்டும். 2012ல அவருக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்க, 2018ல போயிட்டார். பேட்டி எடுத்தவங்கள்ல பாதிப் பேர் அவர்கிட்டயும் சினிமா நடிகருங்களப் பத்தித்தான் கேட்டிருப்பாங்க.

சரி, என் வேலைக்கு வரேன். காலைல ஆறரைக்கு உடம்புப் பயிற்சி, அதுல நானும் செய்வேன், முட்டி வலி வந்ததுல இருந்து பாதி செய்வேன். டிபன் முடிச்சுட்டு புது நாடகத்துக்கு ரிகர்சல், சாயங்காலம் பழைய நாடகத்துல ஒண்ண நிறுத்தாம முழுசா ஓட்டிப் பார்க்கற ரன்-த்ரூ. இந்தப் பழைய நாடகம்தான் ஆள உறிஞ்சற வேலை. புது நாடகம் பண்றதுல ஒரு போதை இருக்கு, எல்லாருக்கும் உற்சாகம். நாப்பதாவது ஷோவுக்கு எவனுக்கு உற்சாகம் இருக்கும்? நாடகம் மெதுவா நீள ஆரம்பிக்கும். முதல் ஷோ எழுபத்தஞ்சு நிமிஷம் ஓடினது, போகப் போக எண்பத்தஞ்சுல வந்து நிக்கும், ஒரு வரி கூட சேர்த்திருக்க மாட்டாங்க. சிரிப்பு வந்த இடத்துல ஒருத்தன் ரெண்டு செகண்ட் கூட நிப்பான், அழுகை சீன்ல ஒருத்தி மூச்ச இழுத்து விடுவா, மேடை ஓரத்து விங்ஸ்ல இருந்து வர்றவன் நிதானமா வருவான், எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம். அதுக்குத்தான் ஸ்டேஜ் மேனேஜர் தம்பி ஒவ்வொரு ஷோவுக்கும் சீன் வாரியா நேரம் எழுதி வைப்பான். அந்த நோட்டப் பார்த்தாலே யார் எங்க சொகுசு பண்றாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிடும். ஆனா நேரா போய் "சீக்கிரம் பேசு"ன்னா வேலைக்கு ஆகாது, வேகமா ஒப்பிப்பாங்க. ரெண்டு பேரோட ரோல ரிகர்சல்ல மாத்திப் போட்டு ஓட விடுவேன், எதிர்ல நிக்கறவன் சொல்றதக் காதுல வாங்க ஆரம்பிச்சாலே பத்து நிமிஷமும் தானா கரைஞ்சிடும்.

இன்னொண்ணு மேடை. எழும்பூர் மியூசியம் தியேட்டர்ல போட்ட நாடகத்தயே அடுத்த வாரம் ஒரு ஸ்கூல் கிரவுண்டுல நாலு பக்கமும் பசங்க உக்காந்திருக்க போடணும். மொத்த செட்டும் ஒரு குட்டி யானைல ஏறணும், ஏறலைன்னா அந்த செட் எனக்கு வேண்டாம். ஆர்ட் பண்ற தம்பி அழகழகா வரைஞ்சு எடுத்துட்டு வருவான், நான் முதல்ல கேக்கறது "மடங்குமா?" லைட்டும் அப்படித்தான், பன்னிரண்டு லைட்டுக்கு டிசைன் பண்ணா போற இடத்துல நாலு இருக்கும், அதுல ஒண்ணு கண் சிமிட்டும். ஒரு ஹால்ல ஷோ அன்னிக்கு மத்தியானம் போய் நின்னா வேற யாருக்கோ வளைகாப்புக்குக் குடுத்துட்டாங்க. வாசல்லயே போட்டோம், வளைகாப்புக்கு வந்தவங்கள்ல பாதிப் பேர் தட்டோட வந்து நின்னு பார்த்தாங்க. பூசணிக்கா கூட்டு நல்லா இருந்துச்சு, எங்களுக்கும் குடுத்தாங்க.

கஷ்டமான வேலை எதுன்னா, கூட இருக்கறவங்களோட சாமர்த்தியத்த அவங்ககிட்ட இருந்து பிடுங்கறது. எங்ககிட்ட ஒரு அண்ணன் இருக்கார், வெண்கலக் குரல், ராஜா, தளபதி, ஊர்ப் பெரியவர்னு எது குடுத்தாலும் குரலாலயே தூக்கிடுவார், ஜனம் கை தட்டும். வருஷக்கணக்கா அதையே பார்த்துட்டு எனக்கு ஒரு கட்டத்துல தாங்கல. ஒரு நாடகத்துல அவருக்கு ஒரு வரி கூட இல்லாத கிழவன் ரோல் குடுத்தேன், நாடகம் முழுக்க ஒரு ஸ்டூல்ல உக்காந்து வலை பின்னணும், அவ்ளோதான். மனுஷன் ரொம்ப நாள் என்கூட சரியா பேசல. டீ வாங்கிட்டு வந்தா எல்லாருக்கும் குடுப்பார், என் கிளாஸ மட்டும் திண்ணைல வச்சுட்டுப் போயிடுவார். எனக்கும் வீம்பு, மாத்தல. அவர் காசிமேட்டுக்குப் போய் வலை பின்றவங்க பக்கத்துல உக்காந்து நிஜமாவே கத்துக்கிட்டு வந்துட்டார். மேடைல அவர் பின்ற வலை ஒவ்வொரு ஷோவுக்கும் கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்துச்சு. முன் வரிசைல இருந்தவங்க வசனம் பேசறவங்கள விட்டுட்டு அவர் கையப் பார்த்தாங்க, மத்த நடிகருங்களுக்குச் செம கடுப்பு. அடுத்த நாடகத்துல திரும்ப ராஜா ரோல் குடுத்தப்ப பாதிக் குரல்ல பேசினார். எனக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு வெளில இருக்கறவங்களுக்குப் புரிய வைக்க முடியாது. ரெண்டு மாசத்துக்கு ஆள் சேர்த்து கலைக்கற டைரக்டர் ஒருத்தருக்கு அந்தக் குரல் தேவை, அத எடுத்து யூஸ் பண்ணிப்பார், அவர் இடத்துல நான் இருந்தாலும் அதத்தான் பண்ணுவேன்.

காசு பத்தியும் சொல்லணும். மத்திய அரசோட கலாசார அமைச்சகம் ரெபர்ட்டரி கிரான்ட்னு ஒண்ணு குடுக்குது, ரொம்ப வருஷம் அதுல குருவுக்கு, அதாவது டைரக்டருக்கு, மாசம் 10,000 ரூபா, சிஷ்யருக்கு, அதாவது நடிகருக்கு, 6,000னு இருந்துச்சு. நாடகத்துல வயசு நாப்பது தாண்டினவரும் பேப்பர்ல சிஷ்யர்தான், பொண்ணு பார்க்கப் போன இடத்துல எங்க ஆள் ஒருத்தர் "சிஷ்யரா இருக்கேன்"னு சொல்லி மாட்டிக்கிட்டார். டெல்லில தேசிய நாடகப் பள்ளிக்கு 1964ல இருந்து சொந்த ரெபர்ட்டரி இருக்கு. அதெல்லாம் தூரம், பக்கத்துல கர்நாடகாவப் பார்த்தாத்தான் வயிறு எரியுது. மைசூர்ல ரங்காயணான்னு ஒரு ரெபர்ட்டரிய 1989ல இருந்து அரசாங்கமே நடத்துது, நாடக டைரக்டர் பி.வி. காரந்த் உருவாக்கினது. ஹெக்கோடுன்னு ஒரு சின்ன கிராமத்துல நீநாசம்ங்கற நாடக அமைப்புக்காரங்க 1985ல இருந்து திருகாட்டன்னு வருஷா வருஷம் நாடகங்கள எடுத்துக்கிட்டு ஊர் ஊரா போறாங்க. நாங்க ஐடி கம்பெனிக்கும் ஸ்கூலுக்கும் வொர்க்‌ஷாப் எடுத்துத்தான் சம்பளத்த சரிக்கட்டறோம். டீம் பில்டிங்னு கூப்பிடுவாங்க, நல்ல லஞ்ச் போடுவாங்க, மேனேஜர மரமா நிக்க வைக்கறதுல எங்க பசங்களுக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

போரடிக்குதான்னு கேட்டியேம்மா, அடிக்கும். அதே ஆளுங்க, அதே சண்டை, அதே சாம்பார். சில சமயம் வேற ஒருத்தரோட நாடகத்தப் பார்த்துட்டு, புது முகங்கள வச்சு என்னமா விளையாடறாங்கன்னு ஏங்கிட்டே பஸ் ஏறியிருக்கேன். ஆனா ஒரு மனுஷன் இருவத்தஞ்சு வயசுல பண்ண ரோல முப்பத்தஞ்சுல பண்ணும்போது அந்த ரெண்டயும் பக்கத்துல இருந்து பார்க்கற வாய்ப்பு இந்த ஊர்ல எத்தனை டைரக்டருக்குக் கிடைக்கும்? அதுல எனக்கு ஒரு கர்வமே உண்டு, மறைக்கல.

டிசம்பர்ல கச்சேரி சீசன், எங்களுக்கு ஹால் கிடைக்காது, அதனால வலை பின்ற கிழவன் நாடகத்த பொங்கல் முடிஞ்சதும் திரும்ப எடுக்கறோம். இந்தத் தடவை ஸ்டூல்ல உக்காரப் போறது சேர்ந்து ஒரு வருஷம் ஆன ஒரு பொண்ணு, வலை சொல்லிக் குடுக்கறது அந்த அண்ணன்தான். "அடுத்த தடவை இவ குரலையும் பிடுங்குங்க"ன்னு எனக்கு ஆர்டர் வேற. தேனி போன பையனோட இடமும் இன்னொரு இடமும் காலியா இருக்கு. வர்றவங்க காலைல ஆறரைக்கு வரணும், முதல் மூணு மாசம் ரோல் எதுவும் கிடையாது, எல்லார் வசனமும் கேக்கணும், குட்டி யானைல சாமான் ஏத்தணும். சினிமா ஆசை இருந்தா பரவால்ல, போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி சொல்லிட்டா போதும்.