துறைமுகத் தாத்தாவை இணையத்தில் ஏற்றிய கதை

பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் கேட்கும் ஒலித்தொடர், செய்யத்தான் எனக்கு ஆசை. அகப்பக்கம் கட்டும் வேலை நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது. ஜார்ஜ் டவுனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தாத்தா இருக்கிறார். இளவயதில் வெல்ட் கீ துறைமுகப் பக்கம் தொங்காங் என்ற சரக்குப் படகில் மூட்டை ஏற்றி இறக்கியவர். பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நிற்கும். சரக்கை இந்தப் படகுகள்தாம் கரைக்குக் கொண்டுவரும். அவர் வாயைத் திறந்தால் அந்தக் காலத்துப் பினாங்கு அப்படியே எழுந்து வரும். அதைப் பதிவு செய்யலாம் என்று கல்லூரித் தமிழ்க் கழகத்தில் சொன்னபோது, வடிவமைப்பு படிக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: “சரி, யார் கேக்கப் போறாங்க? எதுல கேப்பாங்க?”

நியாயமான கேள்வி. என் அத்தைமார்கள் யாரும் பாட்காஸ்ட் செயலியை இறக்கிக்கொள்ள மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் இணைப்பு வந்தால் தொடுவார்கள். தொட்டதும் ஒரு பக்கம் திறந்து, பெரிய எழுத்தில் தலைப்பும் கீழே ஒரு பொத்தானும் இருந்தால் கேட்பார்கள். அதனால் ஒலிக்கு முன்னால் பக்கத்தைக் கற்றுக்கொள்வது என்று முடிவானது. செமெஸ்டர் விடுமுறை முழுக்க அக்காதான் வாத்தியார்.

அகப்பக்கத்தை எழுதும் குறிமொழிக்குப் பெயர் எச்.டி.எம்.எல். பயப்படும்படி ஒன்றுமில்லை. நோட்பேடில் எழுதி, கோப்புக்கு index.html என்று பெயர் வைத்து, குரோமில் திறந்தால் பக்கம் தயார். தலைப்புக்கு ஒரு டேக் (இது இன்னது என்று உலாவிக்குச் சொல்லும் குறி), பத்திக்கு ஒரு டேக், படத்துக்கு ஒன்று. ஆடியோ டேக்கில் ‘கன்ட்ரோல்ஸ்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், இயக்கும் பொத்தானையும் நகர்த்தும் பட்டையையும் உலாவியே போட்டுக் கொடுத்துவிடுகிறது. டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் பொதுமக்களுக்குத் திறந்த முதல் அகப்பக்கத்தை இப்போதும் இணையத்தில் பார்க்கலாம். எழுத்தும் இணைப்புகளும்தான் அதில் உண்டு. என் பக்கத்தில் ஒலியாவது இருக்கிறதே என்று சமாதானப்பட்டுக்கொண்டேன்.

நேரத்தைத் தின்றது தமிழ். நான் பார்த்த பாடங்கள் எல்லாமே ஆங்கில எழுத்தை வைத்துக் காட்டியவை. கோப்பின் தலைப் பகுதியில், எழுத்துக் குறியீட்டு முறை யூ.டி.எஃப்-8 என்று அறிவிக்கும் வரி விட்டுப்போனால் ‘வணக்கம்’ வாயில் நுழையாத ஐரோப்பிய எழுத்தாக வந்து நிற்கும் என்று எந்தப் பாடமும் அழுத்திச் சொல்லவில்லை. ஆங்கிலத்துக்கு 1.4 வரி உயரம் கண்ணுக்கு நன்றாக இருக்கும். தமிழில் மேல்வரியின் ‘கூ’ இழுத்த வாலும் கீழ்வரியின் ‘கீ’ தூக்கிய கொக்கியும் முட்டிக்கொள்கின்றன. 1.7 வைத்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. பத்தியை இருபுறமும் சமமாக வெட்டினால், நம் நீளச் சொற்களால் கைப்பேசித் திரையில் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடம் விழுகிறது. இடப்பக்கம் மட்டும் சமன் செய்வதே மேல். சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் பக்கம் என்னுடையது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். இலவசம், பழைய போனிலும் சிதையாது. தட்டச்சு மட்டும் எனக்குப் பிரச்சினையே இல்லை. நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் முறையில்தான் தமிழ்ப்பள்ளிக் காலத்திலிருந்து தட்டுகிறேன்.

பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் வரியையும் மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் கைப்பேசி பக்கத்தைக் கணினித் திரைக்கானது என்று நினைத்துச் சுருக்கிக் காட்டும்; அத்தைமார்கள் கண்ணாடியைத் தேடுவார்கள்.

அப்புறம் பதிவு. ஒலிவாங்கி வாங்கக் காசில்லை. கைப்பேசியே போதும் என்று இறங்கினேன். இப்போதும் அதே எண்ணம்தான், இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். தாத்தா வழக்கமாக உட்காரும் முன்பக்கம் ஆகாது. மோட்டார் சைக்கிள் ஓயாது, பக்கத்துக் கடையில் இரும்புக் கதவை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். உள்ளறையில் மெத்தையும் துணி நிறைந்த அலமாரியும் இருந்தன. சுவரில் மோதித் திரும்பும் ஒலியை அவை விழுங்கிக்கொள்ளும். கைப்பேசியை வாய்க்கு நேராக வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று வந்து இடிக்கும். அதனால் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில், ஒரு மைலோ டின் மேல் வைத்தேன்.

காற்றாடியை நிறுத்தியதும் தாத்தா முகம் மாறியது. பினாங்கு வெயிலில் அது கொடுமைதான். சிறிது நேரம் பேசுவது, காற்றாடியைப் போட்டுத் தண்ணீர் குடிப்பது, மறுபடி நிறுத்துவது என்று ஓர் ஒப்பந்தம் ஆனது. ஒவ்வொரு முறையும் பேச்சைத் தொடங்கும் முன் அரை நிமிடம் யாரும் பேசாமல் அறையின் ஒலியை மட்டும் பதிவு செய்தேன். “யாரும் பேசாததை எதுக்கும்மா புடிக்கிற?” என்றார். அதன் பயன் பின்னால், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் தெரிந்தது. அந்த அரை நிமிடத்தை மாதிரியாகக் காட்டினால்தான், இரைச்சல் எது குரல் எது என்று மென்பொருள் பிரித்துக்கொள்கிறது. 6 டெசிபல் குறைத்ததே போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் போனால் தாத்தா தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடுகிறார்.

கேள்வி கேட்பதும் தனிக் கலை. “வேலை எப்படி இருந்துச்சு தாத்தா?” என்றால் “கஷ்டந்தாம்மா” என்று முடித்துக்கொள்வார். “காலையில எங்க பசியாறுவீங்க?” என்று கேட்டுப் பார்த்தேன். “ஒரு ரொட்டி, ஒரு கோப்பி ஓ. கடைக்காரன் சீட்டுல எழுதிக்குவான், காஜி வந்தாத்தான் கொடுப்போம். மழை வந்தா வேலை இல்ல, வேலை இல்லன்னா காஜி இல்ல, சீட்டு மட்டும் நீண்டுக்கிட்டே போகும்.” காஜி என்றால் கூலி. அங்கிருந்து தவ்கே எனப்படும் முதலாளி, கூலிச் சண்டை, 1969 என்று பேச்சு ஓடியது. பினாங்கின் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதி அந்த ஆண்டு போனதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருக்கிறேன். தாத்தா அதைத் தன் கைக்கு வராமல் போன மூட்டைகளின் கணக்கில் சொன்னார்.

பின்னணிக்கு ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போடச் சொல்லி வீட்டில் எல்லோரும் நச்சரித்தார்கள். உரிமை வாங்காமல் போட முடியாது. பதிப்புரிமைச் சட்டம் 1987 நம் நாட்டில் இருக்கிறது. படகுத்துறைக்குப் போய் ஃபெரியின் ஊதலையும் அலைச் சத்தத்தையும் பிடித்து வந்து தொடக்கத்தில் வைத்தேன். பாட்டைவிட அது எடுப்பாக இருக்கிறது.

ஒலி அளவை ஆப்பிளின் பாட்காஸ்ட் தளம் பரிந்துரைக்கும் -16 லஃப்ஸுக்கு (சத்தத்தை அளக்கும் அலகு) கொண்டுவந்து, ஒற்றைத் தடமான மோனோவில் 64 கே.பி.பி.எஸ். எம்.பி.3யாக ஏற்றுமதி செய்தேன். பேச்சுக்கு அது தாராளம். அரை மணி நேரம் ஏறக்குறைய 14 மெகாபைட்தான் வரும். டேட்டா தீர்ந்துவிடுமோ என்ற கவலையில்லாமல் கேட்கலாம்.

நான் படித்ததிலேயே சுவையான பகுதி ஆர்.எஸ்.எஸ். என்ற கோப்பு வகை. பாட்காஸ்ட் என்பதே ஓர் ஒலிக்கோப்பும், அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு ஆர்.எஸ்.எஸ். கோப்பும்தான். ஆப்பிளுக்கு நாம் கொடுப்பது அந்த இரண்டாவது கோப்பின் முகவரியை மட்டும். ஒலி நம் இடத்திலேயே இருக்கும். காசு கட்டினால் இதையெல்லாம் செய்து கொடுக்கும் தளங்கள் உண்டு. ஆனால் எச்.டி.எம்.எல். தெரிந்த கைக்கு இது புதிதே அல்ல, அதே டேக்குகள்தாம். தலைப்பு, விளக்கம், வெளியிட்ட நேரம், பிறகு ‘என்க்ளோஷர்’ என்ற டேக்கில் ஒலியின் முகவரி, வகை, பைட் கணக்கில் அளவு. நேரத்தோடு நம் ஊரின் நேர மண்டலமான +0800ஐச் சேர்க்க வேண்டும். எச்.டி.எம்.எல்.லில் ஒரு டேக்கை மூட மறந்தாலும் உலாவி பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். இங்கே அந்தத் தாட்சண்யம் கிடையாது, கோப்பே படிக்கப்படாது. அட்டைப்படம் சதுரமாக, 1400 பிக்சலுக்குக் குறையாமல், 3000ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். கோப்புகளை இலவசமாக வைக்க இடம் தரும் தளங்கள் இரண்டு: பக்கத்தை கிட்ஹப் பேஜஸிலும் ஒலியை இன்டர்நெட் ஆர்க்கைவிலும் வைத்தேன். ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை.

வெளியிடும் முன் தாத்தாவுக்கு முழுவதையும் போட்டுக் காட்டினேன். ஒரு தவ்கேயின் பெயரை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். வெளியான மறுநாள் மறுபடி கூப்பிட்டார். “ஏம்மா, நான் இவ்வளவா இருமுறேன்?” ஆர்க்கைவில் கோப்பை மாற்றி, ஆர்.எஸ்.எஸ்.ஸில் பைட் அளவையும் திருத்த வேண்டியதாயிற்று. இப்போது தொங்காங் காலத்துக் கூட்டாளி ஒருவரை அடுத்த பதிவுக்குப் பேசி வைத்திருக்கிறார். அவருக்கு இருமல் கிடையாதாம், காது மட்டும் கொஞ்சம் மந்தமாம்.