பெயிண்ட் டப்பாவும் கூடல்வாயும்

செட்டிநாட்டு வீட்டைக் காப்பாற்ற உதவுகிறோம் என்று வருகிறவர்கள், வேனை விட்டு இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி: "சார், எந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கணும்?" ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். லீவு நாளில் தூங்காமல் காரைக்குடி வெயிலில் வந்து நிற்கிறார்களே, அதுவே பெரிய விஷயம். ஆனாலும் பெயிண்ட் டப்பாவைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவன். அடுக்குமாடி கட்டுகிற இடங்களில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். பங்காளிகள் பொதுவில் வைத்திருக்கும் ஒரு பெரிய வீட்டின் பராமரிப்பு என் பொறுப்பு. கல்லூரி, பள்ளி, கம்பெனி என்று வரும் தன்னார்வலர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கும் வெளியூர்ப் பங்காளிகளுக்கும் நடுவே போன் பேச வேண்டும். இந்த மூன்றில் கடைசிதான் அதிக நேரம் தின்னும்.

சுவர் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து நல்ல செட்டிநாட்டுச் சுவருக்குப் பெயிண்டே தேவையில்லை. செங்கல் மேல் சுண்ணாம்புச் சாந்தைப் பல பூச்சாகப் பூசியிருப்பார்கள். சுண்ணாம்பை நீற்றி, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். கடைசிப் பூச்சுக்கு நைஸாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு கலந்து, பளபளப்பு வரும்வரை தேய்ப்பார்கள். நூறு வருஷம் கழித்தும் கை வைத்தால் வழுக்கும்; சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். அதன் மேல் எமல்ஷன் அடித்தால், சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, உப்பு பூத்து, பழைய பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். சிமெண்ட் வைத்து ஒட்டுப் போட்டாலும் இதே கதிதான்.

ஒரு தடவை ஒரு கம்பெனிக் குழு, எல்லாரும் ஒரே நிறப் பனியன் போட்டுக்கொண்டு, ரோலரோடு வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டுக்குள், நுழைந்துவிட்டது. எங்கள் கொத்தனார் அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து, சுவரில் ஒரு முழம் அளவுக்குத் தேய்த்தார். பழுப்புக்கு அடியிலிருந்து வெள்ளை எழுந்து வந்தது. முற்றத்து வெளிச்சம் பட்டு, எதிரே நின்ற பையனின் உருவம் அதில் மங்கலாகத் தெரிந்தது. "இதுக்கு மேலயா தம்பி அடிக்கப் போறீங்க?" என்றார். ரோலர்கள் வேனுக்குத் திரும்பிப் போய்விட்டன. மதியம் வரை பழைய வேட்டித் துணியும் வாளியுமாக ஒரு பக்கச் சுவர் முழுவதையும் துடைத்துக் கொடுத்தார்கள். போட்டோவுக்கு அது அவ்வளவு எடுப்பாக இல்லை என்று அவர்களில் ஒருவருக்கு மட்டும் வருத்தம்.

தரைக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடிப் பலகை மேல் இரும்பு அச்சை வைத்து, கலர் சேர்த்த சிமெண்டைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, முதுகுக்கு மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் அந்த மினுமினுப்பு. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைக் கொண்டுவந்து "பளிச்னு ஆக்கிடலாம்" என்று ஊற்றினால் மினுமினுப்பு போய்விடும், திரும்பி வராது. நடக்க நடக்கத்தான் அந்தக் கல் மெருகேறும். அதனால் தரைக்கு நாங்கள் கொடுக்கும் வேலை, கூட்டு, துடை, அதில் நட. அவ்வளவுதான்.

சரி, சுவரும் தரையும் இருக்கட்டும். இந்த வீடுகள் சாவது மேலிருந்து.

வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், தோட்டத்து வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவே வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டுக்கட்டாகப் போகும். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம். ஆக, ஓட்டுக்கூரையின் பரப்பு எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். அத்தனையும் அடுக்கடுக்காகச் சார்த்தி வைத்த நாட்டு ஓடு. குரங்கு ஓடினால் நகரும், பூனை குதித்தால் நகரும், பக்கத்துத் தென்னையிலிருந்து மட்டை விழுந்தால் உடையும். ஓர் ஓடு நகர்ந்தால் அந்த வருஷம் ஒன்றும் தெரியாது. அடுத்த வருஷம் ஓட்டுக்கு அடியில் இருக்கும் கைமரத்தில் ஒரு கறுப்புத் திட்டு தெரியும். அதற்கடுத்த வருஷம் கரையான். பர்மாத் தேக்கைக் கரையான் தொடாது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். தேக்கு ரொம்ப நாள் தாங்கும், உண்மைதான். ஆனால் பார்க்கிறவர் கண்ணில் படும் தூணும் உத்திரமும்தான் பல வீடுகளில் தேக்கு. மேலே ஓட்டைத் தாங்கும் சட்டமெல்லாம் நாட்டு மரம். அங்கே மரம் இற்று விழுந்தால் தூண் மட்டும் நின்று என்ன பயன்?

இரண்டு கூரைச் சரிவுகள் வந்து சேரும் மூலையைக் கூடல்வாய் என்பார்கள். இரண்டு பக்கத் தண்ணீரும் அங்கேதான் இறங்கும். வேப்பஞ்சருகும் ஓட்டுச் சில்லும் எப்போதோ விட்ட காற்றாடி நூலும் அடைத்துக்கொள்வதும் அங்கேதான். அடைத்தால் தண்ணீர் பின்னால் எதிர்த்து ஓட்டுக்கு அடியில் ஏறும். வடகிழக்கு மழை ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் புரட்டாசிக்குள் கூடல்வாயைச் சுத்தம் செய்து, நகர்ந்த ஓட்டைத் திரும்ப அடுக்கி, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்துவிட்டால் அந்த வருஷத்துக்கு வீடு தப்பித்தது. வருஷா வருஷம் இதைச் செய்ய வேண்டும். திறப்பு விழா வைக்க முடியாத வேலை, கல்வெட்டில் பெயர் போட முடியாத வேலை. நன்கொடை திரட்டுவதிலும் இதற்குத்தான் கஷ்டம். முகப்பில் இருக்கும் கஜலட்சுமி சுதையைச் சீர் செய்ய யாராவது பணம் கொடுத்துவிடுவார்கள். கூடல்வாய்க்குக் கொடுக்க ஆள் தேட வேண்டும்.

இதில் தன்னார்வலருக்கு என்ன வேலை? கூரை மேல் ஏற விடுவதில்லை. பழக்கமில்லாத கால் பட்டால் உடையும் ஓடுகள், சரி செய்கிற ஓடுகளைவிட அதிகம். மேலே கொத்தனாரும் அவர் ஆட்களும்தான். கீழே மாணவர்கள் வரிசையாக நின்று ஓட்டைக் கைமாற்றுவார்கள், பாசியைத் தேய்ப்பார்கள், விரலால் சுண்டிப் பார்த்து விரிசல் ஓட்டைத் தனியே ஒதுக்குவார்கள். நல்ல ஓடு கணீரென்று சத்தம் கொடுக்கும், விரிசல் விட்டது சொத்தென்று கேட்கும். ஒரு மணி நேரத்தில் எந்தப் பிள்ளைக்கும் காது பழகிவிடும்.

இன்னொரு நல்ல வேலை, வீட்டுக்கு வெளியே. முற்றத்தில் விழும் மழைத்தண்ணீர் தூம்பு வழியே தெருவுக்குப் போய், அங்கிருந்து ஊருணிக்குச் சேரும்படி சரிவு பார்த்து அமைத்த ஊர்கள் இவை. இப்போது தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. திண்ணைப் படி ஒன்றிரண்டு புதைந்து, தூம்பு வாயும் மூடிப்போய், தெருத் தண்ணீர் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கிறது. எங்கள் தெருப் பக்கம் மூடிக் கிடந்த கால்வாயைத் தோண்டி எடுத்தவர்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள். அதில் ஈடுபட்ட ஊர்க்காரர்கள் பலருக்கு எங்கள் வீட்டின் மேல் பெரிய அபிமானம் ஒன்றும் கிடையாது. தங்கள் வாசலிலும் தண்ணீர் தேங்காது என்பதுதான் காரணம். அது போதும். மரபு, பாரம்பரியம் என்று பேசிச் சேர்த்த கூட்டத்தைவிட, தண்ணீர் வடியும் என்று சொல்லிச் சேர்ந்த கூட்டம் மறு வருஷமும் வந்தது.

இங்கே பங்காளிகளோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. தன்னார்வலர் வருகிறார்கள் என்றால் கூலி மிச்சம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அப்படி இல்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இந்தப் பக்கத்திலேயே குறைந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சிமெண்ட் வேலைக்குப் போகிறார்கள், அதில்தான் தினமும் வேலை இருக்கிறது. இலவச ஆள் கிடைக்கிறது என்று கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலையைக் குறைத்தால், அடுத்த வருஷம் அவர் வர மாட்டார். பூசத் தெரிந்த கை போன பிறகு, ஆயிரம் தன்னார்வலர் வந்தும் வீட்டில் ஒரு முழச் சுவர் பூச முடியாது. மாணவர்கள் வருகிற நாளில் அவருக்குப் பூச்சு வேலைக் கூலியோடு கற்றுக்கொடுக்கிற கூலியும் சேர்த்துக் கொடுப்பது என்று பிடிவாதமாக நிற்கிறேன். "அவர் என்ன வாத்தியாரா?" என்று ஒரு பங்காளி கேட்டார். ஆமாம் என்றேன்.

கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று: "இவ்வளவு பெரிய வீட்டை ஏன் விட்டுட்டுப் போனாங்க?" அதற்கு ரங்கூன் வரை போக வேண்டும். பர்மா நெல் விளைச்சலுக்குச் செட்டியார்கள் கடன் கொடுத்துச் சம்பாதித்த பணத்தில் வந்த வீடுகள் நிறைய. 1930களில் நெல் விலை விழுந்தபோது கடனை அடைக்க முடியாதவர்களின் நிலம் இவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம். அங்கிருந்த விவசாயிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். வீட்டின் அழகைப் பேசும்போது அதை விட்டுவிட்டுப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1942-ல் ஜப்பான் படை வந்தது, பிறகு சுதந்திர பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டது. வருமானம் நின்றது, வீடு மட்டும் நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் மலேசியாவுக்கும் போனார்கள்.

அப்புறம் நடந்தது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்தால் தெரியும். பிரித்த வீடுகளின் கதவு, நிலை, தூண், எனாமல் அடுக்கு, பீங்கான் ஜாடி எல்லாம் கடை வாசலில் அடுக்கியிருக்கும். கடைக்காரர்களை நான் திட்ட மாட்டேன். அவர்கள் வாங்காவிட்டால் பாதி விறகாகப் போயிருக்கும்.

சாமான் பட்டியல் எடுக்கும் வேலை அதனால்தான் வந்தது. பக்கத்து அரசுப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றப் பிள்ளைகள் நோட்டோடு வருவார்கள். பொதுச் சாமான் அறையைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே வைத்து, அளந்து, படம் எடுத்து, எண் போட வேண்டும். வீட்டில் இப்போதும் தங்கியிருக்கும் ஒரே ஆச்சி, பட்டாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். "ஏத்தா, அதைக் காதைப் பிடிச்சுத் தூக்காதே, அடியில கை கொடு" என்று ஒரு பிள்ளையை அதட்டுவார். அடுத்த நிமிஷம் அந்த அண்டா யார் கல்யாணத்துக்கு வந்தது, அந்தக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார் என்று கதை தொடங்கும். பாத்திரங்களின் விளிம்பில் குடும்ப விலாச எழுத்து வெட்டியிருக்கும். ஒரு பிள்ளை அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்தை எடுக்கக் கற்றுக்கொண்டாள், இப்போது எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆச்சி சொல்வதைக் குறித்துக்கொள்ளும் பத்தியை நோட்டில் பெரிதாக விடச் சொல்லியிருக்கிறேன். "இதெல்லாம் எழுதி என்ன பண்ணப் போறீக தம்பி?" என்று ஆச்சி என்னிடம் அலுத்துக்கொண்டார். மறுநாள் பிள்ளைகள் வரத் தாமதமானதும் இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டவரும் அவரே.

ஏப்ரல் 18 உலக மரபு நாள், நவம்பரில் உலக மரபு வாரம் வந்தால் வீட்டைத் திறந்து வைத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை வரச் சொல்கிறோம். நவம்பர் எங்களுக்குச் சிரமமான மாதம், மழை. ஆனால் ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருப்பதைக் காட்டிப் பேசினால்தான் விஷயம் புரிகிறது என்று கண்டுகொண்டேன்.

மேல்மட்டத்தில் பேச்சுக்குக் குறைவில்லை. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. இதே சிவகங்கை மாவட்டத்தில் 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டுப் பாணியில் புதிதாகக் கட்டினார்கள், அழகாகத்தான் இருக்கிறது. அங்கே பாணி புதிதாக எழும்பும்போது இங்கே ஒரிஜினல் ஒழுகுகிறது என்று வெளியில் சொன்னால் பொறாமை என்பார்கள். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் கொத்தமங்கலத்திலும் சில வீடுகள் தங்கும் விடுதிகளாகி நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன. முடிவெடுக்க ஓரிருவர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு அது சரிப்படும். எங்களுடையது பங்கு பிரியாத வீடு. மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை என்று பங்குக்காரர்கள் பெருகி, ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை, ஒரு சாவி. ஒருவர் விடுதிக்குச் சரி என்றால் இன்னொருவர் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு வீடு வேண்டும் என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருகிறார்களே, அப்போதுதான் எல்லா அறையும் திறக்கிறது, காற்றுப் போகிறது, மேலே எங்கே ஒழுகுகிறது என்று பங்குக்காரர்களே அண்ணாந்து பார்க்கிறார்கள்.

இந்த வருஷம் இரண்டாங்கட்டின் வடக்குச் சரிவு முழுவதையும் பிரித்து அடுக்க வேண்டும். கொத்தனார் ஆவணியிலேயே வந்து பார்த்துவிட்டு, மாற்ற வேண்டிய சட்டங்களில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போனார். பழைய ஓடு இரண்டு வீடு தள்ளி, பிரித்த வீட்டிலிருந்து கிடைக்கிறது, விலை பேசியாயிற்று. கல்லூரியிலும் தேதி கொடுத்துவிட்டார்கள். பங்காளிகளின் வாட்ஸாப் குழுவில் கணக்கை அனுப்பினேன். பலர் கும்பிடும் கை பொம்மை போட்டார்கள். பணம் போட்டவர்கள் அதில் பாதிப் பேர். பினாங்கிலிருந்து ஒருவர் மட்டும் தனியாக அழைத்து, "பெயிண்ட் அடிக்க எவ்வளவு ஆகும், அதை நான் பார்த்துக்கறேன்" என்றார். அந்தத் தொகையைக் கூடல்வாய்த் தகட்டுக்கு எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.