எதில 20 வீதம்?

முதல் தடவை என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைக்கான செய்முறை மதிப்பீட்டுக்குப் போனபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது உண்மை. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஓர் அச்சுக்கடையில் மூன்று வருட வேலை. கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கு இரவு பதினொரு மணிக்கு ஓடர் வந்தாலும் விடியமுன் கொடுத்துவிடுவோம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் மெசின் ஓயாது. என்னிடம் என்ன பெரிதாகக் கேட்டுவிடப் போகிறார்கள் என்ற நினைப்பு.

மதிப்பீட்டாளர் பிரின்டரின் திரையைக் காட்டினார். சியான் என்ற நீல மை 20 வீதம். அச்சிடவேண்டியது ஏ1 அளவில் நாற்பது சுவரொட்டி, முக்கால்வாசி நீல வானம்.

“தம்பி, இந்த வேலை முடியுமட்டும் சியான் காணுமோ?”

“ஓம் சேர், காணும். 20 வீதம் கிடக்குத்தானே.”

“எதில 20 வீதம்?”

வாயடைத்துப்போனேன். உள்ளே இருப்பது 110 மில்லிலீற்றர் காட்ரிஜா, 350ஆ, 700ஆ என்று நான் பார்க்கவே இல்லை. 110இல் 20 வீதம் என்றால் 22 மில்லிலீற்றர். 700இல் என்றால் 140. இரண்டும் ஒன்றா?

கடையில் நான் பழகியது ஃபிளெக்ஸ் மெசின். அதில் மைத் தாங்கி கண்ணுக்குத் தெரியும், குறைந்தால் போத்தலைத் திறந்து ஊற்றுவோம். காட்ரிஜ் போடும் பெரிய பிரின்டரில் அப்படியில்லை. திரையில் வரும் அளவு பெரும்பாலும் கணக்குத்தான். எத்தனை துளி போனது, மை தெறிக்கும் அச்சுத் தலையைச் சுத்தம் செய்ய எவ்வளவு போனது என்று மெசின் கூட்டிக் கழித்து, காட்ரிஜில் உள்ள சிப்பில் பதிந்துவைக்கிறது. “முடிந்தது” என்று சொல்லும்போதும் உள்ளே கொஞ்சம் மை கிடக்கும். குழாய்க்குள் காற்றுப் போகாமல் இருக்க அப்படி விடுகிறார்கள். அதைப் பார்த்து “ஏமாத்துறாங்கள்” என்று எங்கள் முதலாளி திட்டுவார். அதில் பாதி நியாயம் உண்டு, ஆனால் காற்றுப் புகுந்த தலையைச் சரிசெய்ய வீணாகும் மையோடு பார்த்தால் அது பெரிய நட்டமில்லை.

அந்த ஒரு கேள்வியோடு விட்டிருந்தால் தப்பியிருப்பேன். புதுக் காட்ரிஜைப் போடச் சொன்னார்கள். உறையைக் கிழித்து, சிப்பிலே பெருவிரல் படப் பிடித்து, குலுக்காமலே செருகினேன். மையில் உள்ள நிறமித் துகள் அடியில் படியும், அதனால் போடுமுன் பக்கவாட்டில் நன்றாகக் குலுக்கவேண்டும் என்பது கையேட்டிலேயே இருக்கிறது. நான் கையேட்டைத் திறந்ததே இல்லை. “இன்னும் தேர்ச்சியடையவில்லை” என்று முடிவு வந்தது. இந்த மதிப்பீட்டில் புள்ளி கிடையாது. ஒன்று தேர்ச்சி, இல்லாவிட்டால் இன்னும் தேர்ச்சியில்லை. ஒரு பகுதியில் கெட்டிக்காரனாக இருந்து மற்றதை ஈடுகட்ட முடியாது. போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

அப்புறம் நான் செய்த ஒரே உருப்படியான வேலை, நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கியது. ஒவ்வொரு காட்ரிஜும் உள்ளே போன திகதி, அதன் கொள்ளளவு, கழற்றிய திகதி. பெரிய வேலை ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதுர மீற்றர், எந்த நிறம் எவ்வளவு குடித்தது. அந்தக் கணக்கைப் பல மெசின்கள் தாங்களே வேலைப் பதிவில் வைத்திருக்கும், தேடி எடுக்கவேண்டும். எங்கள் மெசினில் நீலம் தூக்கலான படத்துக்குச் சதுர மீற்றருக்குச் சியான் மட்டும் ஏறத்தாழ 4 மில்லிலீற்றர் போனது. ஏ1 அரைச் சதுர மீற்றர், நாற்பது தாள் 20 சதுர மீற்றர், ஆக 80 மில்லிலீற்றர். 22 இருந்தால் இடைவழியில் நிற்கும், 140 இருந்தால் தைரியமாக விடலாம். என் எண்ணை அப்படியே கொண்டுபோய்ச் சொல்லாதீர்கள். உங்கள் மெசின், உங்கள் தாள், உங்கள் தரத் தெரிவு எல்லாம் அதை மாற்றும்.

கொப்பி எழுதத் தொடங்கியபின் ஒரு பழக்கமும் வந்தது. இரவில் ஆளில்லாமல் ஓடும் வேலைக்கு நிறைந்த காட்ரிஜ், பகலில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது குறைந்த காட்ரிஜ். மிச்ச அளவு சிப்பில் இருப்பதால் கழற்றியதைத் திரும்பப் போடலாம். ஆனால் கழற்றிய இடத்தை வெறுமையாக விடவேண்டாம், உடனே வேறொன்றைச் செருகுங்கள். வெயில் காலத்தில் எங்கள் ஊரில் மை காய அதிக நேரம் எடுக்காது. தலை சுத்தம் செய்வதற்கும் குறைந்த காட்ரிஜ் சிலவேளை காணாது, மெசின் மறுத்துவிடும்.

இரண்டாம் தடவை மதிப்பீட்டாளர் கேட்ட முதல் கேள்வி, “கரண்ட் போனால் நீர் என்ன செய்வீர்?” 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டுப் பார்த்தவனிடம் இதைக் கேட்கலாமா! அச்சிடும்போது மின்சாரம் நின்றால் தலை மூடிக்குள் போகாமல் நடுவழியில் திறந்தபடி கிடக்கும். கரண்ட் வந்ததும் மெசினைப் போட்டு, தலை தன் இடத்துக்குப் போகவிட்டு, மைத் துளைகள் அடைபட்டிருக்கிறதா என்று காட்டும் சோதனைத் தாள் ஒன்று எடுத்துப் பார்க்கவேண்டும். கோடு விடுபட்டிருந்தால்தான் சுத்தம். எடுத்தவுடன் சுத்தம் செய்தால் நல்ல மை வீண். வேலை முடிந்து நிறுத்துவதும் மெசினின் பொத்தானால்தான், சுவர்ச் சுவிச்சால் அல்ல. இதெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

பிறகு கொப்பியைக் கேட்டார். பத்து நிமிடம் புரட்டினார். போட்ட காட்ரிஜை ஆறு மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று ஆறாவது மாதத்தில் சிவப்புப் பேனையால் நான் போட்ட அடையாளங்களைப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியில், “கழிவு மைப் பெட்டிக்கு ஏன் தம்பி ஒரு பக்கமும் இல்லை?” என்றார்.

சுத்தம் செய்யும் மை போய்ச் சேருவது அந்தப் பெட்டியில்தான். அது நிறைந்தால், எல்லா நிறமும் முழுதாக இருந்தாலும் மெசின் ஓடாது. தேர்ச்சி தந்தார். நான் அன்று பின்னேரமே கடைக்குப் போய்க் கொப்பியின் கடைசித் தாளில் அதற்கும் கோடு போட்டேன்.